கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் பையனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கேட்கப்பட்டது இது: அக்கா மகனுக்கு 16 வயது. செல்போன் பறிப்பு வழக்கில் போலீஸ் பிடித்து, பக்கத்து மாவட்டத்தில் உள்ள கூர்நோக்கு இல்லத்தில் (விசாரணை நடக்கும் காலத்தில் சிறாரை வைக்கும் இல்லம்) வைத்திருக்கிறார்கள். அத்தான் உயிரோடு இல்லை. அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, நினைத்த நாளில் லீவு கிடைக்காது. தாய்மாமன் போய்ப் பார்க்கலாமா? போனில் பேச விடுவார்களா? என்ன கொண்டுபோகலாம், என்ன பேசலாம்?

பார்க்கலாம், பேசலாம், கடிதமும் எழுதலாம். ஆனால் இதை ஆறுதலுக்காகப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வரும் காரியமாக நினைத்துவிடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015 முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது: இந்தப் பையனை வீட்டுக்கு அனுப்பினால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா? அதற்குச் சாட்சி நீங்கள்தான். யார் வந்தார்கள், எத்தனை தடவை வந்தார்கள், சிறார் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் அமர்வில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம், வீட்டு நிலையை விசாரித்து எழுதும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கைக்கும் அதன் வழியாக ஜாமீனுக்கும் போய்ச் சேரும். வக்கீல் எவ்வளவு நன்றாக வாதாடினாலும், மூன்று வாரமாக வீட்டிலிருந்து யாருமே எட்டிப்பார்க்கவில்லை என்று பதிவேடு சொன்னால் அந்த வாதம் நிற்காது.

முதல் வேலை, பையன் எங்கே இருக்கிறான் என்பதை எழுத்தில் தெரிந்துகொள்வது. ஸ்டேஷனில் "ஜுவனைல்ல போட்டாச்சு" என்பார்கள், அது போதாது. தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்திலும் கூர்நோக்கு இல்லம் கிடையாது. பல மாவட்டங்களுக்குச் சேர்த்து ஓர் இல்லம். சென்னை கெல்லீஸில் இருப்பது போலச் சில அரசே நடத்துபவை, சில தொண்டு அமைப்புகள் நடத்துபவை. அதனால் விசாரணை உங்கள் மாவட்ட இளைஞர் நீதிக் குழுமத்தில் நடக்கும், பையன் அடுத்த மாவட்டத்தில் இருப்பான். இரண்டு இடத்துக்கும் நீங்கள் அலைய வேண்டியிருக்கும். ஸ்டேஷனில் குழந்தை நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் நியமிக்கப்பட்டிருப்பார். அவரிடம் குற்ற எண், சட்டப் பிரிவு, குழுமத்தில் ஆஜர்படுத்திய தேதி, அடுத்த தேதி, இல்லத்தின் பெயர் ஆகிய ஐந்தையும் கேட்டு வாங்குங்கள். அங்கே இழுத்தடித்தால் கலெக்டர் அலுவலக வளாகத்திலோ பக்கத்திலோ இருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். இல்லத்தின் போன் நம்பரும் நன்னடத்தை அலுவலரின் பெயரும் அங்கே கிடைக்கும்.

பிடித்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. குழுமம் கூடாத நாளில் உறுப்பினர் ஒருவர் முன்னால் நிறுத்தினாலும் போதும் என்று சட்டம் சொல்கிறது. சனி, ஞாயிறு, பண்டிகை நாட்களில் பிடிபட்ட பிள்ளைகளின் வீட்டார் முதல் ஆஜரைத் தவறவிடுவது பெரும்பாலும் இதனால்தான். தவறிவிட்டது என்று பதற வேண்டாம், அடுத்த அமர்வில் போய் நிற்கலாம். பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டியது போலீஸின் கடமை. சொல்லவில்லை என்றால் அதையும் குழுமத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஒருவேளை இல்லத்தில் அப்படி யாரும் இல்லை என்று பதில் வந்தால், வயதை 18 என்றோ 19 என்றோ எழுதிக் கிளைச் சிறைக்கு அனுப்பிவிட்டார்களா என்று உடனே பாருங்கள். உயரமாக, மீசை அரும்பிய பையன்களுக்கு இது நடக்கிறது. வயதை முடிவு செய்யப் பள்ளிச் சான்றோ பத்தாம் வகுப்புச் சான்றோதான் முதல் ஆதாரம். அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டுமே இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. குற்றம் நடந்ததாகச் சொல்லும் தேதியில் 18 முடியவில்லை என்றால் அவன் சட்டப்படி சிறுவன்தான். வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் இந்தக் கோரிக்கையை எழுப்பலாம். ஆகவே டிசி, மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்று மூன்றுக்கும் நான்கு நகல் எடுத்துப் பையில் எப்போதும் வைத்திருங்கள்.

இனி, யார் பார்க்கலாம் என்பது. பெற்றோர், காப்பாளர், உறவினர் பார்க்க விதிகளில் இடம் உண்டு. அந்தப் பிள்ளையை அடித்தவர், சுரண்டியவர் என்று தெரிய வந்த உறவினரை மட்டும் மறுக்கலாம். தாய்மாமன் உறவினர்தான். ஆனால் வாசலில் சிக்கல் வரும், ஏனென்றால் அக்கா வீட்டு ரேஷன் கார்டில் உங்கள் பெயர் இருக்காது. உங்கள் ஆதாரும் அவன் ஆதாரும் பக்கத்தில் வைத்தால் உறவு தெரியாது. அதற்கு வழி: அக்கா கையெழுத்திட்ட ஒரு கடிதம். "என் தம்பி இன்னார், என் மகனைப் பார்க்கவும் தேவையானதைச் செய்யவும் அவருக்கு என் சம்மதம் உண்டு" என்று நாலு வரி போதும், கீழே அக்காவின் போன் நம்பர். அதோடு அக்கா ஆதார் நகல், அக்காவும் பையனும் உள்ள ஸ்மார்ட் ரேஷன் கார்டு நகல், உங்கள் ஆதார் அசலும் நகலும். அத்தானின் இறப்புச் சான்று நகலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "அப்பா எங்கே" என்ற கேள்வி ஒவ்வொரு மேசையிலும் வரும். எப்படியாவது முதல் தடவை மட்டும் அக்கா நேரில் வந்து, உங்களை இல்லத்தின் கண்காணிப்பாளரிடம் அறிமுகம் செய்துவிடுவது நல்லது. அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை, பிறகு நீங்கள் தனியாகப் போகும்போது கதவு திறக்கும்.

கிளம்பும் முன் இல்லத்துக்குப் போன் செய்யுங்கள். எந்தெந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, ஒரு தடவைக்கு எத்தனை பேர், என்ன பொருள் உள்ளே விடுவார்கள், அன்றைக்குப் பையனைக் குழுமத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போகிறார்களா என்று கேளுங்கள். இவை இல்லத்துக்கு இல்லம் மாறும். போன வருஷம் வேறொருவர் போன அனுபவத்தை நம்பிப் போகாதீர்கள். கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 150 கிலோமீட்டர் பஸ்ஸில் போய், பையன் அன்று குழும அமர்வுக்குப் போய்விட்டான் என்று தெரிந்து திரும்புவது அடிக்கடி நடக்கிறது. தூரத்திலிருந்து வருகிறீர்கள், வேலை காரணமாகக் குறித்த நாளில் வர முடியாது என்றால் கண்காணிப்பாளர் விதிவிலக்கு கொடுக்கலாம். வாய்வார்த்தையாகக் கேட்பதைவிட ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அவருக்கும் அனுமதிப்பது எளிது. அவர் மேலே பதில் சொல்ல வேண்டியவர், கையில் காகிதம் இருந்தால் துணிவார். புதிதாக வந்த பிள்ளைகளை முதல் சில நாள் தனி அறையில் வைத்து மருத்துவப் பரிசோதனை முடித்துத்தான் மற்றவர்களோடு விடுவார்கள். அந்த நாட்களில் சந்திப்பு நேரம் வேறாக இருக்கலாம்.

உள்ளே போனால் என்ன இருக்கும் என்று மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். பதிவேட்டில் பெயர், உறவு, முகவரி, நேரம், கையெழுத்து. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பையைத் திறந்து பார்ப்பார்கள். சந்திப்பு ஒரு கூடத்திலோ அலுவலக வராந்தாவிலோ நடக்கும், ஊழியர் ஒருவர் காதில் விழும் தூரத்தில் இருப்பார். அரை மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கொண்டுபோகும் பொருளில் மிகக் குறைவாக இருங்கள். உடை, உணவு, படுக்கை எல்லாம் இல்லத்தின் பொறுப்பு. உள்ளாடை, ரப்பர் செருப்பு, துண்டு, சோப்பு, பற்பசை, கண்ணாடி போடுகிறவன் என்றால் அந்தக் கண்ணாடி, பாடப் புத்தகங்கள், பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஆகியவை பொதுவாகப் போகும். வீட்டில் சமைத்தது பெரும்பாலும் போகாது. அக்கா விடியற்காலை எழுந்து பிரியாணி செய்து கொடுத்துவிட்டால், அது வாசலோடு நின்றுபோகும் வேதனையும் சேர்ந்துகொள்ளும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெல்ட், நாடா வைத்த பேன்ட், கயிறு, செயின், கண்ணாடி பாட்டில், பிளேடு, ஸ்பைரல் கம்பி போட்ட நோட்டு எதுவும் வேண்டாம். காசைப் பையன் கையில் கொடுக்காதீர்கள். உள்ளே பெரிய பையன்கள் பிடுங்குவதும் அடிதடியும் அங்கிருந்துதான் தொடங்கும். கொடுத்த பொருளையெல்லாம் பதிவேட்டில் எழுதச் சொல்லி, எழுதியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

பீடி, கூல் லிப் (உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம்), மாத்திரை என்று பையன் கெஞ்சலாம், வெளியே உள்ள நண்பன் "மாமா, இதை மட்டும் கொடுத்துடுங்க" என்று சோப்பு டப்பாவுக்குள் வைத்துத் தரலாம். சிறார்க்குப் புகையிலையோ மதுவோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். இதில் மாமன், அண்ணன் என்ற சலுகை கிடையாது. அடுத்தவர் கொடுத்த எந்தப் பொட்டலத்தையும் கையில் வாங்காதீர்கள்.

இதை ஒட்டி இன்னொன்று. பையனுக்குக் கஞ்சாப் பழக்கமோ வலி மாத்திரையைப் போதைக்குப் போடும் பழக்கமோ இருந்தால், முதல் நாளே கண்காணிப்பாளரிடமும் இல்லத்துக்கு வரும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். சொன்னால் வழக்கு கூடிவிடும் என்று வீட்டார் மறைப்பது வழக்கம், அது பெரிய தவறு. திடீரென்று நின்றதும் முதல் வாரத்தில் தூக்கம் வராது, வேர்த்துக் கொட்டும், வாந்தி வரும், சின்னச் சொல்லுக்கும் அடிக்கப் பாய்வான். காரணம் தெரியாத ஊழியருக்கு அது திமிராகத் தெரியும், அடி விழும். காரணம் தெரிந்தால் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். வலிப்பு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், மனநல மருந்து எடுப்பவன் என்றாலும் அப்படித்தான். வலிப்பு மாத்திரையை இரண்டு நாள் விட்டாலே ஆபத்து. மருந்தைப் பையனிடம் கொடுக்காமல் டாக்டர் சீட்டோடு கண்காணிப்பாளரிடம் கொடுத்து, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

பேச்சு. "ஏண்டா இப்படிப் பண்ணின?" என்பதுதான் எல்லார் வாயிலும் முதலில் வரும். அதை விழுங்கிவிடுங்கள். ஒன்று, பக்கத்தில் ஆள் இருக்கிறார், வழக்கைப் பற்றி அங்கே பேசுவது பையனுக்கு நல்லதல்ல. சம்பவத்தைப் பற்றி அவன் மனம் திறக்க வேண்டிய இடம் வக்கீல் மட்டுமே. இரண்டு, அந்தக் கேள்விக்கு 16 வயதுப் பையனிடம் அந்த இடத்தில் பதில் இருக்காது, அழுகையோ முறைப்போதான் வரும். கிடைத்த நேரம் போய்விடும். அடுத்து எந்தத் தேதியில் குழுமத்துக்குக் கூட்டிப்போவார்கள், அங்கே யார் வருவார்கள், வக்கீல் பெயர் என்ன, அம்மா எப்போது வருவாள் என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். "நாளைக்கே கூட்டிட்டுப் போயிடுறேன்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். நாளை நடக்காவிட்டால் உங்கள் அடுத்த பத்துச் சொல்லையும் அவன் நம்பமாட்டான். தப்பி ஓடுகிற எண்ணம் பெரும்பாலும் அந்த ஏமாற்றத்தில்தான் பிறக்கிறது. ஓடிப் பிடிபட்டால் ஜாமீன் இன்னும் தள்ளிப்போகும்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டால் "ம்" என்பான். "காலையில என்ன சாப்பிட்ட, பக்கத்துல யார் உட்கார்ந்தாங்க, ராத்திரி எங்க படுக்குற?" என்று கேளுங்கள். அந்த மூன்று கேள்வியில் உள்ளே நடப்பது பாதி தெரிந்துவிடும். அவன் பேசும்போது உடம்பையும் பாருங்கள். வெயிலில் முழுக்கைச் சட்டை, உட்காரும்போது முகம் சுளிப்பு, கை விரலிடுக்கில் சிரங்கு, சில நாளில் இளைத்துப் போனது, ஊழியர் ஒருவர் வந்ததும் பேச்சு நின்றுபோவது. சிரங்கு நெருக்கமான தங்குமிடங்களில் வேகமாகப் பரவும். ஒருவனுக்கு மட்டும் மருந்து போட்டால் திரும்ப வந்துவிடும், அந்த அறையில் உள்ள எல்லாருக்கும் ஒரே நாளில் போட்டுத் துணி, போர்வையை வெந்நீரில் துவைக்க வேண்டும். அதைக் கண்காணிப்பாளரிடம் குறை சொல்லும் தொனியில் இல்லாமல் கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் செய்வார்கள்.

அடிபட்ட அடையாளம் என்றால் கதை வேறு. 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு அரசினர் இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் அடிபட்டு இறந்தான். ஊழியர்கள் கைதானார்கள். அதன் பிறகுதான் இந்த இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு 2023இல் நியமித்தது. ஆகவே "சின்ன அடிதானே" என்று விடாதீர்கள். வாசலில் சத்தம் போடவும் வேண்டாம், நீங்கள் கிளம்பிய பிறகு உள்ளே இருக்கப்போவது அவன். வெளியே வந்ததும் எந்த இடத்தில் என்ன காயம், என்ன நிறம், அவன் என்ன சொன்னான், மணி என்ன என்று எழுதி வையுங்கள். அன்றோ மறுநாளோ, குழுமத்தின் முதன்மை நடுவருக்கு, பையனை நேரில் அழைத்துப் பார்த்து அரசு மருத்துவமனையில் பரிசோதிக்க உத்தரவிடும்படி மனு கொடுங்கள். குழுமம் மாதம் ஒரு தடவையாவது இல்லத்தைப் போய்ப் பார்வையிட வேண்டும் என்பது சட்டம், அதனால் இது அவர்கள் வேலைக்கு வெளியே உள்ள விஷயம் அல்ல. நகலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் கொடுங்கள், அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். பொறுப்பில் உள்ள ஊழியரே கொடுமை செய்தால் 75ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு. வேறு இல்லத்துக்கு மாற்றக் கேட்பதும் சாத்தியம், ஆனால் அந்த இல்லம் இன்னும் தூரமாக இருந்தால் உங்கள் சந்திப்பு குறையும். அதையும் எடை போட்டுத்தான் கேட்க வேண்டும்.

"செத்துடலாம்போல இருக்கு" என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வந்தாலும், அன்று வாசலைத் தாண்டும் முன் கண்காணிப்பாளரிடமும் ஆற்றுப்படுத்துநரிடமும் (கவுன்சலர்) எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். நாளைக்குப் போன் செய்து சொல்லலாம் என்று வைக்காதீர்கள். முதல் சில நாட்களும், குழுமத்தில் ஜாமீன் மறுக்கப்பட்ட நாளின் இரவும்தான் அதிகக் கவனம் வேண்டிய நேரம்.

போன் விஷயம். இல்லத்தின் போனிலிருந்து, ஊழியர் முன்னிலையில் சில நிமிஷம் பேசவைப்பார்கள். கொரோனா காலத்துக்குப் பிறகு வீடியோ அழைப்பும் சில இடங்களில் பழக்கமாகிவிட்டது, கேட்டுப் பாருங்கள். உங்கள் அக்காவுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கும்: கம்பெனிக்குள் போன் விடமாட்டார்கள். பையன் அழைக்கும்போது ரிங் போய்க்கொண்டே இருந்தால், "அம்மா எடுக்கல, என் மேல கோபம்" என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். ஆகவே ஷிப்ட் நேரத்தை இல்லத்தில் எழுதிக் கொடுத்து, டீ பிரேக்கிலோ வேலை விட்ட பிறகோ ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றாக உங்கள் நம்பரையும் கொடுங்கள். தெரியாத லேண்ட்லைன் நம்பர் வந்தால் ஸ்பேம் என்று வெட்டிவிடாமல் இருக்க, இல்லத்தின் நம்பரை இருவர் போனிலும் பதிந்து வையுங்கள்.

கடிதத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, ஆனால் தூரத்தில் இருப்பவர்களுக்கு அதுதான் நம்பகமான வழி. சிறுமிகளுக்கான இல்லங்கள் பையன்களுடையதைவிடக் குறைவு, சொந்த ஊரிலிருந்து மிகத் தள்ளி இருக்கும். அந்தக் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். மத்திய அரசின் 2016 மாதிரி விதிகளின்படி பிள்ளை எழுதுவதற்கும் பெறுவதற்கும் பொதுவாகத் தடை கூடாது, மாதம் ஒரு கடிதமாவது வீட்டுக்கு எழுத வைக்க வேண்டும், தபால் செலவு இல்லத்துடையது. கண்காணிப்பாளர் படிக்கலாம் என்பதை மனத்தில் வைத்து எழுதுங்கள்: வழக்கு வேண்டாம், கூட்டாளிகள் பெயர் வேண்டாம், புகார் கொடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். போஸ்ட் கார்டு தவிர்த்து உறையில் போடுங்கள். உள்ளே உங்கள் விலாசம் எழுதிய வெற்று உறை ஒன்றையும் வைத்தால், பதில் இல்லத்தின் முத்திரையில்லாமல் வரும், தெருவுக்கே சேதி தெரியாது. பையனுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும் என்றால், பெரிய எழுத்தில் ஐந்து வரி போதும். வேறொருவன் படித்துக் காட்ட நேர்ந்தால் வீட்டு ரகசியம் வெளியே போகும்.

காதல் விவகாரத்தில் போக்சோ (சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்காகி வந்த பையன்களின் வீட்டாருக்கு மட்டும் இது: அந்தப் பெண் கொடுத்த கடிதத்தை அவனிடமோ, அவன் சொன்னதை அந்தப் பெண்ணிடமோ கொண்டுபோகாதீர்கள். இரண்டு பேரும் எவ்வளவு விரும்பினாலும், சாட்சியைக் கலைத்ததாக அது திரும்பும். செல்போன் பறிப்பு வழக்கிலும் புகார்தாரர் வீட்டுக்குப் போய் "விட்டுடுங்க" என்று நிற்பது இதே ஆபத்துதான்.

யாரைக் கூட்டிப்போகக் கூடாது என்பதும் உண்டு. அவனோடு சுற்றிய பையன்கள், வழக்கு உள்ள ஏரியா அண்ணன்மார், கட்சிக்காரர்கள் வேண்டவே வேண்டாம். 12ஆம் பிரிவின்படி, ஜாமீனில் விடத்தக்க குற்றமா இல்லையா என்ற பாகுபாடு இல்லாமல் சிறார்க்கு ஜாமீன் தர வேண்டும். மறுப்பதற்கு மூன்றே காரணம்: தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், ஒழுக்க, உடல், மன ரீதியான ஆபத்துக்கு ஆளாவான், நீதியின் நோக்கம் கெடும். வருகைப் பதிவேட்டில் ரவுடிப் பட்டியலில் உள்ளவர் பெயர் இருந்தால் முதல் காரணத்தை நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகும். பேஸ்புக்கிலோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ அவன் படத்தைப் போட்டு "அநியாயம்" என்று எழுதுவதும் வேண்டாம். அடையாளம் வெளியிடுவது 74ஆம் பிரிவில் குற்றம், ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். சொந்தக்காரர்களையும் எச்சரியுங்கள்.

குழுமத்தின் அமர்வு நாளைச் சந்திப்பு நாளாகவே கருதுங்கள். விசாரணையின் ஒவ்வொரு படியிலும் பிள்ளையும் பெற்றோரும் விவரம் தெரிந்து பங்கேற்க வேண்டும் என்பதைக் குழுமம் உறுதி செய்ய வேண்டும், ஆகவே உள்ளே உட்காரக் கேட்பது உரிமை. நடுவர் ஒருவர், சமூகப் பணியாளர்கள் இருவர் இருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண். அந்தப் பெண் உறுப்பினர் அக்காவிடம் கேட்கும் கேள்விகள் சாதாரணமாகத் தோன்றும்: வீட்டில் யார் யார், நீங்கள் வேலைக்குப் போனால் பையனை யார் பார்ப்பது, பள்ளிக்கு ஏன் போகவில்லை. இவைதான் தீர்மானிக்கும் கேள்விகள். நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை கொடுக்க வேண்டும், வீட்டுக்கு வருவார். வரும் நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனதால் "வீடு பூட்டியிருந்தது" என்று அறிக்கை போவது உண்டு. அவரைத் தேடிப் போய் நம்பர் கொடுத்து நேரம் கேளுங்கள். பகலில் பையனை நான் பார்த்துக்கொள்வேன், என் கடையில் வைத்துக்கொள்வேன், இன்ன பள்ளியில் அல்லது ஐடிஐயில் சேர்ப்பேன் என்று தாய்மாமனான நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது அறிக்கையில் ஏறும். தகுந்த நபர் ஒருவரின் பொறுப்பில் விடவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

வக்கீலுக்குப் பணம் தேட வேண்டியதில்லை. சிறார்க்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது சட்ட உதவி எண் 15100க்கு அழையுங்கள். தனியாக வக்கீல் வைத்தாலும், சிறார் வழக்கு நடத்திப் பழகியவரா என்று பாருங்கள். இல்லத்து வாசலில் "உள்ள ஆள் இருக்கு" என்று சொல்லி ஐயாயிரம் கேட்பவரை ஒதுக்குங்கள். பிரிவையும் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பறிப்பு என்றால் மூன்று ஆண்டு வரைதான் தண்டனை, கொள்ளை என்று போட்டிருந்தால் பத்து ஆண்டு வரை. மூன்று ஆண்டு வரை தண்டனையுள்ள சிறு குற்றமாக இருந்தால், நான்கு மாதமும் நீட்டித்த இரண்டு மாதமும் கடந்து விசாரணை முடியாவிட்டால் வழக்கே முடிந்துபோகும்.

ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல், ஜாமீன்தாரர் கிடைக்காமல், பையன் உள்ளேயே இருந்தால் ஏழு நாளுக்குப் பிறகு குழுமமே அவனை வரவழைத்து நிபந்தனையை மாற்றிப் பார்க்க வேண்டும். தேதியை நீங்கள் எண்ணிக்கொண்டிருந்து வக்கீலுக்கு நினைவூட்டுங்கள். ஜாமீனையே மறுத்தால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு, அதற்கு மேல் உயர் நீதிமன்றம்.

பொதுத் தேர்வு நெருங்கினாலோ, வீட்டில் சாவோ உறவினர் கல்யாணமோ வந்தாலோ, அம்மாவுக்கு விபத்தோ கடும் நோயோ வந்தாலோ, கண்காணிப்போடு வெளியே வர 98ஆம் பிரிவில் விடுப்பு உண்டு. ஒரு தடவைக்குப் பொதுவாக ஏழு நாளுக்கு மேல் போகாது, பயண நேரம் தனி. பாட்டி இறந்த செய்தியை மறைத்துவிட்டு ஒரு மாதம் கழித்துச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள், அன்றே மனு கொடுங்கள். கூடவே பள்ளியில் பேசி, நீண்ட நாள் வரவில்லை என்று பெயரை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரிடம் காரணத்தை முழுதும் விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அவன் உங்களைப் பார்க்க வரமாட்டேன் என்று சொன்னால் அது பெரும்பாலும் வெட்கம். அன்றைக்குக் கட்டாயப்படுத்தாமல், வந்ததாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, இரண்டு வரி எழுதி ஆற்றுப்படுத்துநரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த சந்திப்பு நாளில் குறித்த நேரத்துக்கு மறுபடி போங்கள். தம்பி தங்கைகளைக் கூட்டிப்போவதை இரண்டாவது, மூன்றாவது சந்திப்பு வரை தள்ளிவையுங்கள்.

விடுவிக்கும் நாளில் பகலிலேயே போய்ச் சேருங்கள். உத்தரவு நகல், சேர்க்கும்போது எழுதி வைத்த உடைமைகள், மருத்துவச் சீட்டுகள், உள்ளே படித்த அல்லது கற்ற தொழிலுக்கான சான்று, நன்னடத்தை அலுவலரை அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி ஆகியவற்றை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். நேராகப் பழைய ஏரியாவுக்கு இறங்காமல், முடிந்தால் முதல் ஒரு வாரம் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த விலாசத்தையும் அலுவலரிடம் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஜாமீன் நிபந்தனையை மீறியதாக எழுதிவிடுவார்கள்.